கறுப்பாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம்

செய்யூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பெண்ணுக்கு அடிவயிறு வலித்தாலும் சரி, மாதவிடாய் தள்ளிப்போனாலும் சரி, பேச்சு கடைசியில் ஸ்கேனில்தான் போய் நிற்கும். மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், ஸ்கேன் கருவிகளைப் பதிவு பெற்ற இடங்களோடு கட்டிப்போட்டிருக்கிறது. மருத்துவர் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட முடியாது. நோயாளிதான் போயாக வேண்டும். போய், தண்ணீர் குடித்து, காத்திருந்து, மாலையில் ஒரு ரிப்போர்ட்டோடு திரும்புகிறார். அதில் ஒரு வரி: 'வலது ஓவரியில் 4.2 x 3.8 செ.மீ. அளவில் சிஸ்ட்.'

வீட்டில் எல்லோர் கண்ணும் அந்த எண்ணின் மேல்தான் விழும். "நாலு சென்டிமீட்டரா? எலுமிச்சம்பழம் அளவு இருக்குமே!" என்பார் ஒருவர். "வளர்றதுக்குள்ள எடுத்துடணும்" என்பார் இன்னொருவர். "குழந்தை குட்டி ஆயிடுச்சு இல்ல, கர்ப்பப்பையோட சேர்த்து எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று மூன்றாவது குரலும் எழும்.

ரிப்போர்ட்டில் ஓவரி சிஸ்ட் என்று வரும் சினைப்பைக் கட்டிகளைப் பற்றி மருத்துவம் கடந்த 60, 70 ஆண்டுகளில் கற்றுக்கொண்டதைச் சுருக்கினால், அந்த எண்ணுக்கு நாம் தரும் மரியாதை அதிகம். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதற்குள் என்ன இருக்கிறது என்பதே அதன் குணத்தைச் சொல்கிறது. உள்ளே இருப்பதைக் கத்தி வைக்காமல் பார்க்க முடியும். பார்த்து, "இது சாதாரணக் கட்டி" என்று பெரும்பாலான நேரங்களில் உறுதியாகவே சொல்லவும் முடியும். அது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒலி எழுதும் படம்

கடலில் மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் அறிய எக்கோ சவுண்டர் வைத்திருக்கும் படகோட்டிக்கு ஸ்கேனின் தத்துவத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. படகின் அடியிலிருந்து ஒலித் துடிப்பு கிளம்புகிறது. எதிலோ பட்டுத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் செய்த ஆய்விலிருந்து வந்தவைதான் படகிலுள்ள அந்தக் கருவியும் ஸ்கேன் அறையிலுள்ள கருவியும். வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. மீன்பிடிக் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 50 ஆயிரம் முதல் 2 லட்சம் அதிர்வுகளில் வேலை செய்கின்றன. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் புரோப் 30 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகளில் வேலை செய்கிறது. அதிர்வெண் கூடக்கூடப் படம் நுணுக்கமாகும். ஆனால் ஒலி எட்டும் ஆழம் குறையும்.

உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பிவர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 13 பங்கு நேரம் போதும். ஒரு பொருள் முடிந்து வேறொரு பொருள் தொடங்கும் எல்லையில்தான் எதிரொலி பிறக்கிறது. தசை, கொழுப்பு, நார் எல்லாம் கலந்த இடத்தில் எல்லைகள் ஏராளம். அங்கே திரை சாம்பல் நிறமாகிறது. தெளிந்த நீருக்குள் எல்லையே இல்லை, எதிரொலியும் இல்லை. அந்த இடம் திரையில் கறுப்பாகத் தெரியும். நீர் ஒலியை உறிஞ்சுவதும் மிகக் குறைவு. அதனால் நீரைக் கடந்து வரும் ஒலி வலுவோடு இருக்கும். நீர்க்கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அக்கம்பக்கத்தைவிடப் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். பல், எலும்பு போன்ற கெட்டிப் பொருள் வந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். அதன் பின்னால் நிழல் விழும். கறுப்பு, பின்வெளிச்சம், நிழல் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டின் பாதி மொழி புரிந்துவிடும்.

"யூரின் முட்டுற வரைக்கும் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று சொல்வதும் இதனால்தான். குடலுக்குள் இருக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடும். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி தடையின்றிப் போக நீர் நிறைந்த வழி ஒன்றைத் தருகிறது. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனுக்கு அந்தச் சிரமம் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டே படுக்கலாம். புரோப் சினைப்பைக்கு மிக அருகில் போவதால் 50 முதல் 90 லட்சம் வரையிலான அதிர்வுகளைப் பயன்படுத்த முடிகிறது. படமும் துல்லியமாக வருகிறது. நம் ஊர் ஸ்கேன் மையங்களில் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று முதலில் கேட்பது இந்த ஸ்கேனை எடுக்கலாமா என்று முடிவு செய்யத்தான். மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல்தான் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் கட்டியின் உட்புறம் தெளிவாக இல்லாவிட்டால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதில் தவறில்லை.

கார் டிக்கியில் போன கட்டிகள்

பெண்ணின் வயிற்றை ஒலியால் படம் பிடிக்கும் கலை, சொல்லப்போனால், சினைப்பைக் கட்டியில்தான் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். உலோகத் தகடுகளில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கும் தொழிற்சாலைக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டார். 1955 ஜூலையில், அறுவை செய்து எடுத்த கர்ப்பப்பைத் தசைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்திலிருந்த ரென்ஃப்ரூவில் கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே தயாராக இருந்தது. சோதித்தபோது இரண்டு வகைக் கட்டிகளும் வெவ்வேறு விதமாகப் பேசின. நீர்க்கட்டிக்குள் ஒலி எதிலும் மோதாமல் போய், மறுபக்கச் சுவரில் மட்டும் பட்டுத் திரும்பியது. தசைக் கட்டியிலோ ஒலி உள்ளே போகப் போகத் தேய்ந்தது.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் மனிதர்களைப் பரிசோதிக்கத்தக்க கருவியை வடிவமைத்தார். அந்தக் காலத்தில், வயிறு பெருத்து, இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை டொனால்டிடம் காட்டினார்கள். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கருவி வேறு கதை சொன்னது: உள்ளே இருந்தது சுவர் கட்டிய மாபெரும் நீர்க்கட்டி. அறுவை செய்தார்கள், புற்றுநோய் இல்லாத சினைப்பைக் கட்டி வெளியே வந்தது, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். டொனால்ட், மருத்துவர் ஜான் மக்விகார், பிரவுன் மூவரும் 1958 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். தன் கருவியை அதுவரை நம்பாதவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது இந்தப் பெண்ணின் கதைதான் என்று டொனால்ட் பின்னாளில் சொல்வதுண்டு.

அளவு குணத்தைச் சொல்லாது என்பதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. 1809-இல் அமெரிக்காவின் கென்டக்கியில், மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், எஃப்ரெய்ம் மக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபர்ட் என்பவரின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை அகற்றினார். அந்தப் பெண் அதன்பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். பத்துக் கிலோக் கட்டி சாதாரணமானதாக இருக்கலாம். மூன்று சென்டிமீட்டர் கட்டி புற்றாக இருக்கலாம்.

மாதந்தோறும் ஒரு நீர்க்கட்டி

மாதவிடாய் வரும் வயதில் சினைப்பை நீர்க்குமிழிகளை உண்டாக்குவதையே தொழிலாகக் கொண்ட உறுப்பு. ஒவ்வொரு மாதமும் கருமுட்டையைத் தாங்கிய ஒரு குமிழி வளர்ந்து, ஏறக்குறைய 20 முதல் 25 மி.மீ. வந்ததும் வெடித்து முட்டையை வெளியேற்றுகிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் ஸ்கேன் எடுத்தால் இந்தக் குமிழி கறுப்பு வட்டமாகத் தெரியத்தான் செய்யும். மூன்று சென்டிமீட்டர் வரை உள்ள தெளிந்த குமிழியை நோய் என்றே சொல்லக்கூடாது என்பது கதிரியக்க மருத்துவர்களின் இன்றைய உடன்பாடு.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் உடலம் உருவாகிறது. அதற்குத் தடித்த, மடிப்பு விழுந்த சுவர் உண்டு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் சுற்றிலும் அது வளையமாக மின்னும். பழக்கமில்லாத கண்ணுக்கு இது பயங்கரமாகத் தெரியும். ஆனால் இது உடலின் அன்றாட வேலை. சில வேளை குமிழி வெடிக்காமல் வளர்ந்துகொண்டே போகும். சில வேளை மஞ்சள் உடலத்துக்குள் ரத்தம் கசியும். இவையும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தாமே மறைந்துவிடும். அதனால்தான் மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது மாதவிடாய் முடிந்த கையோடு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த நாள்களில் சினைப்பை ஓய்ந்திருக்கும். புதுக் குமிழி குறுக்கே வந்து குழப்பாது.

பி.சி.ஓ.டி. என்பது வேறு சங்கதி. அதையும் ஊரில் நீர்க்கட்டி என்றுதான் சொல்கிறோம். அங்கே இருப்பவை 2 முதல் 9 மி.மீ. அளவுள்ள, வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைக் குமிழிகள். நல்ல கருவியில் ஒரு சினைப்பையில் 20-க்கு மேல் எண்ணலாம். அது ஹார்மோன் கோளாறின் அடையாளம். அறுவை செய்து எடுக்க வேண்டிய கட்டி அங்கே எதுவும் இல்லை.

முகம் பார்த்துச் சொல்லும் கட்டிகள்

சாதாரணக் கட்டிகளில் பலவற்றுக்குத் தனித்தனி முகம் உண்டு. அனுபவமுள்ள கண் ஒரே பார்வையில் பெயர் சொல்லிவிடும்.

முதலாவது, எளிய நீர்க்கட்டி. ரிப்போர்ட்டில் 'சிம்பிள் சிஸ்ட்'. ஒரே அறை, மெல்லிய வழவழப்பான சுவர், உள்ளே முழுக் கறுப்பு, பின்னால் வெளிச்சம். தடுப்புச் சுவரும் கிடையாது, சதையும் கிடையாது. ஸ்கேன் திரையில் காணக்கூடிய மிக நல்ல செய்தி இந்தக் கறுப்புதான்.

இரண்டாவது, ரத்தம் கசிந்த கட்டி. உள்ளே மெல்லிய இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். அவை உறைந்த ரத்தத்தின் ஃபைப்ரின் நார்கள். சில நாள் கழித்து உறைகட்டி சுருங்கிச் சுவரோரம் ஒதுங்கும். அதன் ஓரம் உட்குழிந்திருக்கும். பார்வைக்குச் சதைபோல் இருந்தாலும் டாப்ளரில் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்காது. உயிருள்ள சதைக்குத்தான் ரத்தம் வேண்டும், உறைந்த ரத்தத்துக்கு வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் இடமே காலியாக இருக்கும்.

மூன்றாவது, 'சாக்லேட் சிஸ்ட்'. கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு சினைப்பையில் குடியேறி மாதந்தோறும் கசிவதால், பழைய ரத்தம் பழுப்புக் குழம்பாகத் தேங்குகிறது. திரையில் அது சீரான மங்கல் சாம்பலாக, தேய்த்த கண்ணாடிபோல் தெரியும். மாதவிடாய் வலி கடுமையாக உள்ள இளம் பெண்ணிடம் இதைக் கண்டால் பெயர் சொல்வதில் தயக்கம் இருக்காது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணிடம் இதே சாம்பல் தெரிந்தால் மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார். அந்த வயதில் இது புதிதாகத் தோன்றுவது இயல்பல்ல.

நான்காவது, டெர்மாய்டு. இளம் பெண்களின் சினைப்பையில் அதிகம் காணப்படும் கட்டி வகை இதுதான். முட்டை அணுவிலிருந்தே உருவாவதால் இதற்குள் முடி, கொழுப்பு, தோல், சில நேரம் பல்கூட இருக்கும். அதைக் கேட்டதும் வீட்டில் பில்லி சூனியம் வரை பேச்சுப் போவதுண்டு. எந்த உறுப்பாகவும் மாறவல்ல அணு, கருவுறாமலேயே திசுக்களை உருவாக்கத் தொடங்கியதன் விளைவு இது. அதற்கு மேல் அதில் மர்மம் இல்லை. திரையில் முடி வெள்ளைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரியும். கொழுப்பும் முடியும் திரண்ட வெள்ளை முடிச்சு ஒன்று பின்னால் நிழல் வீழ்த்தும். ஆண்டுக்குச் சராசரியாக 2 மி.மீ.-க்கும் குறைவாக, மெதுவாகவே வளரும். இது புற்றாக மாறுவது மிக அரிது.

இவை தவிர, சினைப்பையைச் சேராத பொய்க் கட்டிகளும் உண்டு. நீர் தேங்கிய கருக்குழாய் வளைந்த குழலாக, முழுமையடையாத தடுப்புகளோடு தெரியும். சினைப்பைக்குப் பக்கத்தில் தனியாக முளைத்த நீர்க்கட்டியை புரோப்பால் மெல்ல அழுத்தினால் அது சினைப்பையை விட்டு விலகி நகரும்.

பத்து அடையாளங்கள்

அனுபவக் கண் எல்லா ஊரிலும் கிடைக்காது. சிறிய ஊரில் ஸ்கேன் எடுப்பவரும் பெரிய மருத்துவமனை நிபுணரின் முடிவுக்கே வர வேண்டுமானால் பொது விதிகள் தேவை. அதற்காகவே 1999-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர் டிர்க் டிம்மர்மன் உள்ளிட்டோர் 'ஐயோட்டா' என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லாதபடி முதலில் சொற்களுக்கு வரையறை வகுத்தார்கள். உதாரணமாக, சுவரிலிருந்து உள்ளே 3 மி.மீ. உயரத்துக்காவது நீட்டிக்கொண்டிருக்கும் சதையைத்தான் முளை என்று சொல்ல வேண்டும். பிறகு, அறுவைக்குப் பின் ஆய்வகம் தந்த முடிவுகளோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளின் படங்களை ஒப்பிட்டு, 2008-இல் பத்து எளிய விதிகளை வெளியிட்டார்கள்.

சாதாரணக் கட்டியின் அடையாளங்கள் ஐந்து: ஒரே அறை, சதைப்பகுதி இருந்தாலும் 7 மி.மீ.-க்குக் குறைவு, பின்னால் நிழல், பல அறை இருந்தாலும் வழவழப்பாக, 10 செ.மீ.-க்குள் இருத்தல்; டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லாமை. புற்றின் அடையாளங்களும் ஐந்து: ஒழுங்கற்ற சதைக் கட்டி, வயிற்றில் நீர் கோத்தல், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முளைகள், 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்த, சதையும் பல அறைகளும் கலந்த ஒழுங்கற்ற கட்டி; மிக வலுவான ரத்த ஓட்டம். முதல் ஐந்தில் ஒன்றாவது இருந்து, இரண்டாவது ஐந்தில் எதுவும் இல்லையென்றால் சாதாரணக் கட்டி. எதிர்மாறாக இருந்தால் புற்று எனக் கருத வேண்டும். இரண்டு பக்க அடையாளமும் இருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ விதிகள் ஒதுங்கிக்கொள்ளும். நிபுணர் பார்க்க வேண்டும். ஏறத்தாழ நான்கில் மூன்று கட்டிகளுக்கு இந்த விதிகளே விடை சொல்லிவிடுகின்றன. பத்தில் இரண்டே விதிகளில்தான் சென்டிமீட்டர் கணக்கு வருகிறது. அங்கும் தனித்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காத்திருப்பதும் வைத்தியம்தான்

சாதாரணம் என்று ஸ்கேன் சொன்ன கட்டியை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஐயோட்டா குழு 1,919 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2019-இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானே மறைந்தது. புற்று என்று பின்னர் தெரியவந்தது 0.4 சதவீதம் பேருக்கு. கட்டி முறுக்கிக்கொண்டது 0.4 சதவீதம் பேருக்கு, உடைந்தது 0.2 சதவீதம் பேருக்கு. அறுவைக்கும் மயக்க மருந்துக்கும் உரிய ஆபத்துகளை மறுதட்டில் வைத்துப் பார்த்தால், காத்திருப்பது சோம்பலோ அலட்சியமோ அல்ல என்பது விளங்கும். கென்டக்கியில் 50 வயதுக்கு மேற்பட்ட 15,106 பெண்களை ஆராய்ந்தபோது, 18 சதவீதம் பேரிடம் ஓரறை நீர்க்கட்டி இருந்தது; அவற்றில் ஏறக்குறைய 70 சதவீதம் தாமே மறைந்தன.

மாதவிடாய் வரும் வயதில் 5 செ.மீ.-க்குட்பட்ட எளிய நீர்க்கட்டிக்கு மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல். 5 முதல் 7 செ.மீ. வரை ஆண்டுக்கொரு முறை பார்க்கலாம். அதற்கு மேல் போனால் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவை பற்றி யோசிக்கலாம். அங்கேகூட ஒரு காரணம், பெரிய கட்டியின் உள்ளே முழுவதையும் ஸ்கேனால் பார்த்துவிட முடியாது என்பதுதான்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். அவர்களுக்கு சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள். 35-க்கு மேல் வந்தால் புற்றுநோய்தான் என்று பதற வேண்டாம். சாக்லேட் சிஸ்ட், கர்ப்பப்பைத் தசைக் கட்டி, மாதவிடாய் ஆகியவற்றாலும் அது உயரும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் இந்த எண்ணை எக்கச்சக்கமாக ஏற்றி, வயிற்றில் நீரும் கோக்க வைத்து, சினைப்பைப் புற்றுபோலவே வேடம் போடும். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் "எதற்கும் பார்த்துவைப்போம்" என்று ஆண்டுதோறும் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்வதாலும் பயனில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு, இப்படிச் சோதித்ததால் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2021-இல் அறிவித்தது.

பயத்தின் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் ஏழைப் பெண்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டவர்கள். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்க மாநிலங்கள் வழிகாட்டுதல்களைப் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. இரண்டு சினைப்பைகளும் சேர்ந்து போனால் மாதவிடாய் நின்றவர்களின் நிலை முன்கூட்டியே வந்து, எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். ஒரு நீர்க்கட்டிக்காக இதையெல்லாம் கொடுக்கக் கூடாது.

ஆகவே, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கட்டிக்குள் நீர் மட்டும்தானா, சதையும் இருக்கிறதா? டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்ததா? மறு ஸ்கேன் எப்போது? அறுவை வேண்டுமென்றால், கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? கடைசி மாதவிடாய்த் தேதியை ஸ்கேன் எடுப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். திடீரென்று அடிவயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்து வாந்தியும் சேர்ந்தால், கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது விடியட்டும் என்று இருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பழைய படத்தையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள். கட்டி மாறாமல் இருக்கிறதா, குறைகிறதா, புதிதாகச் சதை முளைத்திருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.